மே மாத மதியமும் மாடி வீட்டு லேப்டாப்பும்

போன வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். மேலூர் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் ஹைலைட்ஸ் வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்க லேப்டாப்பை ஓடவிட்டுவிட்டு, சாதம் வடிக்கப் போனேன். ஆறு நிமிஷ வீடியோதான். திரும்பி வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, பத்து விநாடியில் அணைகிறது. கீ போர்டுக்கு மேல்பக்கம் இருக்கிற பட்டையில் கை வைத்தேன், இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை போட்டோகிராபரிடம் கொடுக்க வேண்டிய வேலை அது.

நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைனும் சின்னச் சின்ன வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். வீடு செல்லூரில், இரண்டாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடிதான். கீழ்வீட்டில் தறி ஓடுகிறது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில்தான் வேலை குவியும், அதாவது மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற அதே வாரங்களில்தான் என் லேப்டாப் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடியாக வேண்டும். கார்த்திகையில் ஓடும்போது ஒரு குறையும் வராது. எங்களைப் போல ஏசி இல்லாத வீட்டில் லேப்டாப்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து தகரக் கூரை போட்ட வீடுகளுக்குள்ளும் லேப்டாப் வந்துவிட்டது. ஆனால் அதைச் சூட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. எனக்கு அது ஒரு வாரச் சம்பாத்தியம் போன பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கொண்டுபோன கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு போயிருக்கும்மா, 14,000 ஆகும்" என்றார்கள். அவ்வளவு பணம் கையில் இல்லை. சாயங்காலம் அடுத்த தெருவில் இருக்கிற ஒரு அண்ணனிடம் எடுத்துப் போனேன், முன்பு டிவி ரிப்பேர் பார்த்தவர், இப்போது லேப்டாப் பார்க்கிறார். அவர் எதுவும் கேட்கவில்லை, அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தார், மூடியை நெம்பி எடுத்தார், "இங்க வா தங்கச்சி, இதைப் பாரு" என்றார்.

ஃபேன் காற்றைத் தள்ளுகிற வாய் இருக்கிறது அல்லவா, அங்கே சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சூடு வெளியே போவது அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகத்தான். ஃபேனுக்கும் அந்தச் சீப்புக்கும் நடுவில், ஒரு தீப்பெட்டியின் நீளத்துக்கு, பஞ்சு மெத்தை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அண்ணன் இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், கிழியாமல் முழுசாக வந்தது. துணித்துண்டு என்றுதான் நினைத்தேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத் தூசிக்குள்ளே அரக்கு நிறத்தில் பஞ்சு, என் தலைமுடி இரண்டு மூன்று, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையின் கரி. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். மாமியார் இருபது வருஷம் தறிக்குத் தார் நூல் சுற்றியவர், கவரை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இது கீழ்வீட்டுத் தறிப் பஞ்சுல்ல, அரக்குக் கரை போட்டாகள்ல" என்றார்.

காற்று போகிற வழி முழுக்க அடைத்துக் கிடந்திருக்கிறது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த இரைச்சலைக் கேட்டு நானும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். லேப்டாப்பின் மூளையான சிப்பின் தலையில் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய் ஒன்று அந்தச் சீப்பு வரைக்கும் போகும். குழாய் வெறும் செம்பு அல்ல, உள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளியளவு நீர் விட்டு அடைத்திருப்பார்கள். சிப் பக்கம் சூடு ஏறினால் அந்த நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே ஃபேன் காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீராகும், குழாயின் உள்சுவரில் திரி மாதிரி இருக்கிற பரப்பில் ஊறி ஊறிச் சிப்புக்கே திரும்பி வரும். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி பட்டு நீராகச் சொட்டுகிறதே, அதே சங்கதிதான். ஆனால் மறுமுனையில் காற்று ஓடவில்லை என்றால் எல்லாமே நின்றுபோகும். செம்புத் தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் என்னுடையதில் காய்ந்து, வெற்றிலைப் பெட்டியில் பழைய சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. அண்ணன் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கடலை அளவு வைத்தார். பேஸ்ட்டோடு சேர்த்து 600 ரூபாய் வாங்கினார். லேப்டாப் எழுந்துகொண்டது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு இன்னொன்றையும் காட்டினார். அதுதான் எனக்கு நெஞ்சில் தங்கியது. பேட்டரி உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய கறுப்பு அட்டை நடுவில் மேடு தட்டி, அரை லிட்டர் பால் பாக்கெட் மாதிரி விம்மி நின்றது. இரண்டு மாதமாக டச்பேடை அழுத்தினால் "கிளிக்" என்று இறங்காமல் கல் மாதிரி இருந்தது, தூசி போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மேசையில் வைத்தால் லேசாக ஆடியது, மேசைக்கால் சரியில்லை என்று காகிதம் மடித்து வைத்தேன். இரண்டுமே பேட்டரி கீழிருந்து தள்ளியதால் வந்தது. "சிப்புக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அது தன்னைப் பாத்துக்கும். பேட்டரிக்குத்தான் நாதி கிடையாது" என்றார் அண்ணன். அன்றைக்கு அது எனக்கு முழுசாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்து, ஒரு வாரம் நானே அளந்து பார்த்த பிறகு புரிந்தது.

சிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் பயப்படுவது அதன் சூட்டைக் காட்டுகிற எண்ணைப் பார்த்துத்தான். இன்டெல் லேப்டாப் சிப்கள் பெரும்பாலும் 100 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைத்தவை. ஏஎம்டி ரைசன் லேப்டாப் சிப்களில் பலவற்றுக்கு 95. அது சிப்புக்குள்ளேயே பதித்த உணரி காட்டுகிற எண், நாம் தொடுகிற உடம்பின் சூடு அல்ல. ரெண்டர் போடும்போதோ கேம் ஆடும்போதோ 80, 85, ஒல்லியான லேப்டாப்பில் 90 என்று காட்டினால் அலற வேண்டியதில்லை. எல்லையை நெருங்கியதும் சிப் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது 2-க்கும் கீழே இறங்கும், சூடும் அங்கேயே நிற்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் மொத்தமாக மின்சாரத்தை வெட்டிவிடும். என் லேப்டாப் அணைந்தது அப்படித்தான். அது பழுதானதால் அணையவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்தது. என்விடியா கார்டு இருக்கிற லேப்டாப்புகளில் கிராபிக்ஸ் சிப்பும் 87 டிகிரி வாக்கில் இப்படித்தான் அடங்கும். கோப்புகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டிக்கு 70 வரை என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள்.

ஒன்றும் செய்யாமல் சும்மா பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதே 80 காட்டுகிறதா, அதற்குத்தான் பயப்பட வேண்டும். வழி அடைத்திருக்கிறது, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது பின்னால் ஏதோ ஒரு புரோகிராம் சிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில், சுத்தமான லேப்டாப், சும்மா இருக்கும்போது 45-லிருந்து 60-க்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் சூடு காட்டும், சிபியு, அதாவது நான் சொன்ன அந்த மூளைச் சிப்பின் சூடு காட்டாது. அதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும், கோர் டெம்ப் அதைவிடச் சின்னது, லினக்ஸ் என்றால் சென்சார்ஸ் என்று ஒரு கட்டளை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு வரி. ஒன்று இப்போதைய சூடு, இன்னொன்று "தெர்மல் த்ராட்லிங்" என்பதற்கு நேரே ஆம் என்று இருக்கிறதா இல்லை என்று இருக்கிறதா என்பது. ஆம் என்றால் சிப் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சுவரில் மாட்டுகிற ஒரு வெப்பமானி வாங்கி ஒரு வாரம் நோட்டில் எழுதினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அறையில் 30, ரெண்டர் ஓடும்போது சிப் 88. மதியம் மூன்றரைக்கு அறையில் 38, சிப் 96-ல் போய் முட்டி நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. அதாவது அறை எவ்வளவு கூடியதோ, சிப்பும் ஏறக்குறைய அவ்வளவே கூடியது. ஃபேன் செய்வது அறைக் காற்றை எடுத்து வீசுவதுதானே, அந்தக் காற்றே 38 டிகிரி என்றால் அது என்ன செய்யும். காலையில் 22 நிமிஷம் எடுத்த அதே வீடியோ மதியம் 26 நிமிஷம் எடுத்தது, அந்த நான்கு நிமிஷம் சிப் தன்னை அடக்கிக்கொண்டதன் விலை. இன்னொன்று, எங்கள் வீடு மாதிரி மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடுகளில் பொழுது இறங்கியதும் சூடு இறங்காது. பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும், பத்தரைக்கு எங்கள் அறையில் 35. ஆகவே ராத்திரி ரெண்டர் போட்டால் குளிர்ச்சி என்று நினைப்பதும் சரியில்லை. நான் இப்போது நாலரைக்கு எழுந்து பெரிய ரெண்டர்களைப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போகிறேன். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததில் அறை இரண்டு டிகிரி இறங்கியது, அது லேப்டாப்பைவிட எங்களுக்குத்தான் பெரிய உதவி.

சரி, இப்போது பேட்டரி. லேப்டாப்போடு வருகிற கையேட்டைக் கடைசிப் பக்கங்கள் வரை யாரும் புரட்டுவதில்லை, நானும் புரட்டியதில்லை. அதில் "பயன்படுத்தும் சூழல் வெப்பம்" என்று ஒரு வரி இருக்கும். ஆப்பிள் மேக்புக்கிற்கு 10 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறது, மற்ற பல கம்பெனிகளும் மேல் எல்லையாக அதே 35-ஐத்தான் சொல்கின்றன. சிப்பின் சூடு அல்ல அது, அறையின் சூடு. நம் ஊரில் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை மதிய நேரம் முழுக்க நாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் வேலை செய்கிறோம். அதை மீறினால் உடனே எரிந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் அதற்கான விலையைப் பேட்டரிதான் கொடுக்கும்.

சிப்புக்குச் சூடு கூடினால் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பேட்டரிக்குள் இருப்பது வேதிப்பொருள். லித்தியம் அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய உகந்த உச்சம் பொதுவாக 45 டிகிரி, வெளியே 38 இருக்கிற அறையில், பக்கத்திலேயே 90 டிகிரியில் ஒரு செம்புக் குழாய் ஓட, அந்த 45 எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று பிளஸ் டூவில் படித்தோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை. அதோடு பேட்டரி 100 சதவீதம் நிறைந்து இருக்கும்போது உள்ளே மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற மின்பகுதிரவம் சிதைந்து வாயு உண்டாகும், வெளியே போக வழியில்லாததால் உறை உப்பும். நான் செய்தது அச்சு அசலாக அதுதான், சார்ஜரைக் காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவேன், கரண்ட் போனால் வேலை நின்றுவிடுமே என்ற பயம்.

அதற்கு ஒரு எளிய வழி இருப்பது தெரிந்தபோது வருத்தமாகவே இருந்தது. பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிற ஏற்பாடு இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் உண்டு. லெனோவாவில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும், அசூஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், சிலவற்றில் விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய்த் தேட வேண்டும். ஒரு தடவை தட்டி வைத்துவிட்டால் போதும், நாள் முழுக்கச் சார்ஜரில் இருந்தாலும் 80-ஐத் தாண்டாது. வெயில் காலம் முழுக்க நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கரண்ட் கட் ஆனால் 80 சதவீதம் என் வேலைக்கு ஒன்றே கால் மணி நேரம் தாங்குகிறது, அது போதும்.

உப்பிய பேட்டரியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. உப்பியது தெரிந்ததும் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார், அதைச் செய்தால் தீப்பிடிக்கும். 2006-ல் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறதென்று 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, அவற்றின் செல்கள் சோனி தயாரித்தவை. அதற்குக் காரணம் செல் தயாரிப்பில் வந்த குறை, நம் வீட்டுச் சூடு அல்ல, ஆனால் லேப்டாப்பில் எது எரியக்கூடியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அண்ணன் என் பேட்டரியைக் கழற்றி முனைகளில் டேப் ஒட்டி, கடை வாசலில் இருந்த மணல் நிரப்பிய பெயின்ட் வாளிக்குள் வைத்தார். அந்த வாளிக்குள் ஏற்கெனவே ஐந்தாறு உப்பிய போன் பேட்டரிகள் இருந்தன. எலக்ட்ரானிக் கழிவு எடுக்கிறவர்கள் வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிடுவாராம். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதே, குப்பை எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார்.

இனி நான் அன்றாடம் செய்வது.

மெத்தை மேல் லேப்டாப்பை வைப்பதே இல்லை. பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கும், மெத்தையும் தலையணையும் அந்த ஓட்டைகளை அப்படியே மூடிவிடும். தரையில் கோரைப்பாய் விரித்து அதன் மேல் வைத்தால் ஓரளவு பரவாயில்லை, அதைவிட நல்லது பிள்ளைகளின் பரீட்சை அட்டையைக் கீழே கொடுத்து, பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டு சோடா மூடி வைப்பது. அந்த ஒரு விரல் உயரத்தில் எனக்கு நான்கு டிகிரி இறங்கியது. ஃபேன் வைத்த கூலிங் பேடு ஒன்றும் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதில் இன்னும் இரண்டு டிகிரி, அவ்வளவுதான், அந்தக் காசுக்கு நான் பேஸ்ட் மாற்றுவேன்.

தொடை மேல் வைத்து வேலை செய்கிற பழக்கமும் போய்விட்டது. லேப்டாப்பின் சூடு தொட்டவுடனே தோலைச் சுடாது, ஆனால் 44 டிகிரியே மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துபோகும். 2010-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மாதக்கணக்கில் தினமும் மடியில் லேப்டாப் வைத்து விளையாடியதில் ஒரு பக்கத் தொடை மட்டும் வலை பின்னிய மாதிரி கறுத்துப்போயிருந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை மட்டுமாவது கவனியுங்கள்.

மதிய வேலைக்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் "மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்" என்று ஒன்று இருக்கும், 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் சிப் தன் அடிப்படை வேகத்துக்கு மேல் தாவுகிற டர்போ வேகம் நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம்தான் குறைக்கிறோம், ஆனால் சிப் அடிப்படை வேகத்தோடு நின்றுகொள்ளும். எனக்கு மதியம் 96-ல் முட்டியது 78-க்கு இறங்கியது, ரெண்டர் 26 நிமிஷத்திலிருந்து 31 நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம் போனால் போகட்டும். போட்டோஷாப்பில் ஆல்பம் பக்கம் அடுக்கும்போது வித்தியாசமே தெரிவதில்லை. சில புது லேப்டாப்புகளில் அந்த வரி கண்ணில் படாது, அவற்றில் கம்பெனி கொடுத்திருக்கிற "சைலன்ட்" அல்லது "கொயட்" மோடுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட அதே பலன்.

பைக்குள் வைக்கும்போது மூடியை மூடினால் மட்டும் போதாது, ஷட் டவுன் செய்ய வேண்டும். இதை என் கொழுந்தன் மகன் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அவன் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிப் பையைத் திறந்தால் லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது, சார்ஜும் பாதி போயிருக்கிறது. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகள் மூடி வைத்திருந்தாலும் போன் மாதிரி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், அப்டேட், மெயில் என்று நடுவில் விழித்து வேலை பார்க்கும், காற்றே போகாத பைக்குள் அந்தச் சூடு எங்கே போகும். அப்புறம், வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மே மாத மதியம் மாட்டுத்தாவணியில் நிற்கிற காரின் உள்ளே 60 டிகிரியைத் தொடும், அணைத்து வைத்த லேப்டாப்புக்கும் அது கேடுதான், முதலில் அடிபடுவது மறுபடியும் அந்தப் பேட்டரிதான்.

ஈரத்துணியை அடியில் விரிப்பது, சூடானதைப் பிரிட்ஜுக்குள் வைப்பது, இரண்டையும் செய்தவர்களை எனக்குத் தெரியும். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் உள்ளே தண்ணீர் வியர்த்துவிடும், அதற்குப் பிறகு அது மதர்போர்டு செலவுதான். ஏர் கூலர் இருந்தால் அறை குளிரட்டும், நல்லது, ஆனால் அதன் வாய்க்கு நேரே லேப்டாப்பை வைக்க வேண்டாம், சாரல் தெறிக்கும்.

சுத்தம் செய்வதை வீட்டிலேயே பழகிக்கொண்டேன். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றது. காற்றடிக்கிற புளோயரைப் பயன்படுத்தினால் ஃபேன் இறக்கையை ஒரு காதுக்குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் அந்தப் பஞ்சு மெத்தை இன்னும் உள்ளே போகும், ஃபேன் பக்கம் இருந்து அதை இடுக்கியால் எடுத்துவிட்டு அதற்கப்புறம்தான் ஊத வேண்டும். திறக்கப் பயமாக இருந்தால் கடையில் கொடுத்துவிடுங்கள், ஆனால் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். தறி இல்லாத தெருவில் வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்கிறார் அண்ணன், எங்கள் வீட்டுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. ஃபேனே இல்லாத லேப்டாப்புகளும் உண்டு, 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் அந்த வரிசை எல்லாமே அப்படித்தான். அவற்றுக்குப் பஞ்சுத் தொல்லை கிடையாது, ஆனால் சூடானால் வேகம் குறைவது அவற்றுக்கும் உண்டு.

இந்த வருஷம் மார்ச் கடைசியில், பங்குனி உத்திரத்துக்கு முன்னாலேயே திறந்துவிட்டேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கைவிளக்கு பிடித்தார். பேட்டரி தட்டையாக இருந்தது, ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஒரு முடி அளவுகூட மேடு இல்லை. சீப்பின் வாயில் மெல்லிசாக ஒரு படலம் மட்டும் இருந்தது, இடுக்கியால் எடுத்தபோது இந்தத் தடவை பச்சை நிறத்தில் வந்தது. கீழ்வீட்டில் தீபாவளியிலிருந்து பச்சைக் கரைதான் ஓடுகிறது.